மணி நகை செய்து பழக ஆசை, என்ன வாங்க வேண்டும்? விற்கவும் முடியுமா?

டர்பனில் இருக்கிறேன், வேலை முடிந்து வந்தபின் பொழுதுபோக்காக மணி நகை செய்து பழக வேண்டும், இணையத்தில் விற்கிற பெரிய மணிப் பெட்டியை வாங்கலாமா, பின்னால் கொஞ்சம் விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி வேண்டாம். அறைக்கு ஒரு நிறமாகப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மணிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, ஒன்று தடியாக இருக்கும், பக்கத்தில் இருப்பது தட்டையாக இருக்கும், சிலதில் துளையே அடைத்துக் கிடக்கும். கூடவே வரும் நூலும் கொக்கியும் அதைவிட மோசம். நான் இதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பல வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், அக்கம்பக்கத்தார் அறுந்த மாலைகளையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், தைப்பூசக் காவடி நெருங்கினால் ருத்ராட்ச மாலைகள் வரிசையாக வரும். அதில் மணி உடைந்து வந்தது அபூர்வம். நூல் தேய்ந்திருக்கும், முடிச்சு அவிழ்ந்திருக்கும், இல்லாவிட்டால் கொக்கி வாய் பிளந்திருக்கும். அதனால் கையில் இருக்கும் ரேண்டில் பாதிக்கு மேல் நூலுக்கும் ஊசிக்கும் கொக்கிக்கும் போகட்டும். மணி இரண்டு மூன்று நிறம் இருந்தால் போதும்.

பாசிமணியின் அளவு எண் தலைகீழ்க் கணக்கு, எண் கூடினால் மணி சிறுக்கும். 11 என்றால் சுமார் 2 மில்லிமீட்டர், 8 சுமார் 3, 6 சுமார் 4. எல்லோரும் படம் பார்த்துவிட்டு நேராக 11-க்குப் போய்விடுகிறார்கள், கண் வலித்து ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். 8-இல் ஆரம்பியுங்கள். ஊசிக்கும் அதே தலைகீழ்தான், 12 என்பது 10-ஐவிட மெல்லியது. 8-ஆம் எண் மணிக்கு 10-ஆம் எண் ஊசி தாராளமாகப் போகும். மணியில் ஜப்பான்காரர்களின் மியுகி, தோஹோ இரண்டும் அளவு பிசகாது, விலை கூடுதல். செக் மணி கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வரும், பொறுக்கிப் போட வேண்டும், ஆனால் இங்கே ஜூலு மக்களின் வேலைப்பாட்டில் காலங்காலமாகப் புழங்கியது அதுதான். எனக்கு அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் பிடிக்கும். மலிவு மணி என்றால் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மணியைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் வந்தால், டர்பன் வியர்வையில் அது நாளைக்குச் சட்டைக் கழுத்துக்கும் வரும்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். தையல் நூல் வேண்டாம், கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூர்மை, உள்ளே உரசி உரசியே அறுத்துவிடும். ஒற்றை இழை பிளாஸ்டிக் நரம்பும் வேண்டாம், நாளாக நாளாக விறைத்து ஒரு நாள் பட்டென்று போகும். மணி வேலைக்கென்று வரும் நைலான் நூல் நல்லது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போங்கள், பின்னிய மீன் நூல் கிடைக்கும். ஃபயர்லைன் என்று மணி வேலைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதுவே முதலில் மீன்பிடிக்க வந்த நூல்தான். 6 பவுண்டு இழுவை தாங்கும் நூல் பின்னலுக்குச் சரியாக இருக்கும். சாம்பல் நிறத்தது விரலிலும் வெள்ளை மணியிலும் கரி ஏற்றும், வெளிர் வேலைக்கு வெள்ளை நூலாக வாங்குங்கள். நல்ல கத்தரிக்கோலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முனை மழுங்கிவிடும், ஒரு பழைய கத்தரியை அதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் நூல் எடுக்காதீர்கள், சிக்கு எடுப்பதிலேயே ராத்திரி போய்விடும்.

பெரிய மணி மாலைக்கு நூலைவிடப் பூச்சுப் போட்ட மெல்லிய எஃகுக் கம்பி நல்லது. முனையில் சின்ன உலோகக் குழலைக் குறடால் நசுக்கிப் பிடிக்கவைப்பார்கள், கிரிம்ப் என்று கேட்டால் கடையில் தருவார்கள். அதை நசுக்கும் முன் கம்பியை இறுக்கி இழுக்காதீர்கள். ஒரு சின்ன மணி அளவுக்கு இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மாலை கழுத்தில் வளையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும், கம்பியும் கிரிம்ப் பக்கத்திலேயே ஒடியும். இலாஸ்டிக் வளையலுக்கு, கோக்கும் முன்பே இலாஸ்டிக்கை நன்றாக இழுத்து விடுங்கள், பிறகு அது தொளதொளத்துப் போகாது.

பின்னலில் எதை முதலில் பழகுவது என்றால் ஏணிப் பின்னல், அதன்மேல் செங்கல் பின்னல். இரண்டும் கைக்கு வந்ததும் ஹெர்ரிங்போன் பக்கம் போங்கள். அதற்கு இண்டெபெலே பின்னல் என்றும் பெயர், நம் தென்னாப்பிரிக்காவின் இண்டெபெலே மக்களின் பெயரால் உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள் (எஸ்தர் மஹ்லாங்கு 1991-இல் ஒரு பிஎம்டபிள்யூ காரின் மேல் கோடும் கட்டமுமாக வரைந்தாரே, அவர் மக்கள்தான்). மணிகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கும், துணி மாதிரி மடங்கும். அமெரிக்க அம்மாக்களின் வீடியோவில் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் இருப்பது டர்பன், வார்விக் சந்தைப் பக்கம் போய் மணி விற்கிற பெண்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பேசிக்கொண்டே, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, நூல் ஒரே இழுவையில் நிற்கும். அந்த இழுவை எந்த வீடியோவிலும் தெரியாது. ஏதாவது வாங்கிவிட்டு மரியாதையாகக் கேட்டால் காட்டித் தருவார்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது. சும்மா போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் முகம் சுளிப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

சிவப்புக்கு இந்த அர்த்தம், வெள்ளைக்கு அந்த அர்த்தம் என்று சுற்றுலாக் கடைகளில் அட்டை அச்சடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும், பக்கத்தில் எந்த நிறம் வருகிறது என்பதாலும் மாறும்.

இது நம் ஆட்களுக்கு ஒட்டாத கலை என்று என் பெரியம்மா சொல்வார். தாலியில் கருகமணி கோத்துப் போட்டுக்கொண்டே சொல்வார். 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் முன்னோரை இங்கே கொண்டுவந்து இறக்குவதற்குப் பல நூறு வருஷம் முன்பே இந்தியக் கண்ணாடி மணிகள் இந்த மண்ணுக்கு வந்தாயிற்று. லிம்போபோ மாகாணத்தில் மாபுங்குப்வே என்ற பழைய அரசின் இடத்தைத் தோண்டியபோது, அந்த 13-ஆம் நூற்றாண்டுக் குன்றில் தங்கத்தோடு அவையும் கிடைத்தன. கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டு போடுகிற அந்த முறை நம் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் அதற்கும் வெகுகாலம் முன்பே நடந்தது, இன்றைய பாசிமணியும் அடிப்படையில் அப்படித்தான் செய்யப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், இங்கே நேட்டால் புதர்களிலும் காய்க்கும், அதிர்ஷ்ட விதை என்று விற்பதும் உண்டு. அதைத் துளையிட்டுக் கோக்காதீர்கள். உள்ளே இருப்பது கடும் விஷம், ஓடு உடைந்தால்தான் ஆபத்து, துளை போடுவதே ஓட்டை உடைப்பதுதானே. குழந்தை இருக்கும் வீட்டில் கோத்த மாலையாகக் கூட வேண்டாம்.

விற்பது பற்றி. விற்கலாம், தீபாவளிச் சந்தையில், கோயில் விழாக் கடையில், வாட்ஸ்அப்பில். ஆனால் பொருள் செலவை மட்டும் போட்டு, கைவேலை சும்மா என்று விலை சொல்லாதீர்கள். நமக்கு மாதச் சம்பளம் வேறு வழியில் வருகிறது, கடற்கரை நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இதுதான் அடுப்பெரிக்கிறது. நாம் பாதி விலைக்குக் கொடுத்தால் அடி அவருக்குத்தான் விழும். நேரத்துக்கும் கூலி போட்டுச் சொல்லுங்கள், வாங்காதவர் வாங்காமல் போகட்டும். நீங்கள் செய்ததை ஜூலு வேலை என்று சொல்லியும் விற்காதீர்கள்.

காதணி விற்பதாக இருந்தால் காதுக் கம்பி மட்டும் மலிவில் வாங்கவே வாங்காதீர்கள். நிக்கல் கலந்தது நிறையப் பேருக்கு அரிப்பெடுத்துக் காது புண்ணாகும். 925 வெள்ளி அல்லது டைட்டானியம் போடுங்கள். வெள்ளி நம் கடற்காற்றில் கறுக்கும், அதனால் காற்றுப் புகாத சின்னப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், கறுத்தால் மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.