எந்தக் கண்டம்?

கேள்வி: காலையில் மாமியார் போடும் பக்தி சேனலில் தினம் ஒரு கண்டம் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் பயந்துபோய் எள் தீபமெல்லாம் ஏற்றினேன். இப்போது சலிப்புதான் வருகிறது. நான் நாத்திகம் பக்கம் போகிறேனா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கண்டங்கள் மொத்தம் ஏழு. டிவி ஜோசியரிடம் தண்ணீரில் கண்டம், வாகனத்தில் கண்டம், வாயால் கண்டம் என்று உலக வரைபடத்தில் அடங்காத அளவுக்கு இருக்கிறது. போன வாரம் ஒருவர் என் ராசிக்குத் தாய்மாமன் வழியில் லேசான கண்டம் என்றார். எனக்குத் தாய்மாமனே கிடையாது, ஆகவே அதை அண்டார்டிகா கணக்கில் எழுதிவிட்டேன்.

அவர்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷம். எப்போது பார்த்தாலும் ஏழரைச் சனியில் மூன்று ராசி, அப்புறம் அஷ்டமச் சனி, கண்டச்சனி, அர்த்தாஷ்டமச் சனி என்று தலா ஒரு ராசி. ஆக, பன்னிரண்டில் ஆறு. என்றைக்கு டிவியைப் போட்டாலும் பார்க்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சனி பிடித்திருக்கும்! காசு கொடுத்து அரை மணி நேரம் வாங்கி, "டிவி சத்தத்தைக் குறைங்கம்மா, பிறந்த நேரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்துத் தகடு விற்பவருக்கு இதைவிட நல்ல சந்தை எங்கே கிடைக்கும்? திருக்கணிதம் என்ற பஞ்சாங்க முறைப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்குப் போனார். திருநள்ளாறு கோயிலோ எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம், பெயர்ச்சி 2026இல்தான் என்று சொல்லிவிட்டது. சனீஸ்வரன் சன்னிதியே பொறுமையாக இருந்தது, சேனல்தான் பதறியது. ஒரே பெயர்ச்சிக்கு இரண்டு சீசன் என்றால் பதறத்தானே செய்வார்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிப்பது கீழே ஓடும் எழுத்தில்தான். 'சனிபெயர்ச்சி' என்று போடுகிறார்கள். சனி பெயர்ந்தாரோ இல்லையோ, நடுவில் இருந்த 'ப்' பெயர்ந்துவிட்டது. அதற்குப் பரிகாரம் கேட்டு இரண்டு முறை போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை.

நாத்திகமா என்றால், இல்லை. என் பாட்டி சனிக்கிழமை தவறாமல் காக்காய்க்குச் சோறு வைப்பார். வடகத்தில் வாய் வைத்தால் அதே காக்காயை, சனி பகவானின் வாகனம் என்றும் பாராமல், "போ சனியனே" என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார். அவர் வீட்டில் டிவி கிடையாது.

நம் இதழிலும் ராசிபலன் வருகிறதே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். வந்த வசவுக் கடிதங்களில் பாதி, ஏழரையில் இருப்பவர்களிடமிருந்து.