பீட்டர் கிரீன் பற்றிக் கேளுங்கள், சால்டரிங் அயர்னை மட்டும் கீழே வையுங்கள்

போன வாரம் பிரிட்டிஷ் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் பெயரைப் பேச்சுவாக்கில் சொல்லப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கிட்டார் ரிப்பேர் என் தொழில், ப்ளூஸ் என் கிறுக்கு. மருத்துவம் என் துறை அல்ல. அந்த எல்லைக்குள் நின்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஃப்ளீட்வுட் மேக் என்றால் ஸ்டீவி நிக்ஸ் பாடும் பாப் குழுதானே? இவர் எங்கே வருகிறார்?

ஸ்டீவி நிக்ஸ் வந்தது 1975 வாக்கில். குழுவை 1967-இல் ஆரம்பித்தவர் கிரீன். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீனில் 1946-இல் பிறந்த யூதக் குடும்பத்துப் பையன், முழுப்பெயர் பீட்டர் ஆலன் கிரீன்பாம். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் விட்டுப்போன நாற்காலியில் 1966-இல் உட்கார்ந்தபோது இவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. கிளாப்டன் ரசிகர்கள் முறைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'எ ஹார்ட் ரோடு' ஆல்பத்தில் 'தி சூப்பர்நேச்சுரல்' என்று ஒரு வாத்திய இசை இருக்கிறது, அதை ஹெட்போனில் கேளுங்கள். ஒரே ஸ்வரத்தைப் பிடித்து ஆம்பின் ஃபீட்பேக்கில் (ஸ்பீக்கர் சத்தமே தந்தியை மறுபடி அதிரவைப்பது) அப்படியே நிறுத்திவைப்பார், அது அறுந்துவிடுமோ என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். வேகமாக வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் இருப்பதற்கு அந்த வயதில் எவ்வளவு நிதானம் வேண்டும் பாருங்கள்.

பிறகு தனிக்குழு. டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வீ இருவர் பெயரையும் சேர்த்துக் குழுவுக்கு வைத்தார். வேடிக்கை என்னவென்றால் மெக்வீ அப்போது இன்னும் மேயாலிடம்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார், பெயரை வைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய வாத்திய இசை 'ஆல்பட்ராஸ்' 1969 தொடக்கத்தில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். ஆக, உச்சிக்குப் போக ஒன்றரை வருடம்தான்.

'பிளாக் மேஜிக் வுமன்' சந்தானா பாட்டு இல்லையா சார்?

இல்லை. கிரீன் எழுதியது, 1968. சந்தானா 1970-இல் எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதில் தப்பொன்றும் இல்லை.

மியூனிக்கில் யாரோ எல்எஸ்டி போதைப்பொருள் கொடுத்து அவர் மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

இதை இன்றைக்கு மட்டும் ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1970 மார்ச்சில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது ஜெர்மனியில் மியூனிக் அருகே, பலர் கூட்டாக வாழும் ஒரு கம்யூன் வீட்டுக்குப் போனார், எல்எஸ்டி எடுத்தார், இது நடந்ததுதான். திரும்பி வந்தவர் பழைய ஆள் இல்லை என்று குழுவினர் சொல்லி வந்திருக்கிறார்கள். மே மாதம் குழுவை விட்டு விலகினார். ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விட்டது என்ற கதை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்எஸ்டி அவருக்கு அன்றைக்குத்தான் அறிமுகம் என்பதில்லை, அமெரிக்கப் பயணங்களிலேயே பழக்கம். அங்கியும் சிலுவையுமாக மேடையேறியதும், சம்பாதித்ததையெல்லாம் தானம் செய்துவிடலாம் என்று சக கலைஞர்களை நச்சரித்ததும் மியூனிக்குக்கு முன்பே. எல்லாவற்றையும் விட, 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' வந்தது 1969 ஏப்ரலில். எனக்கு எல்லாம் இருக்கிறது, ஆனாலும் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிற அர்த்தத்தில் போகிற பாட்டு அது. ஊரே அதை முணுமுணுத்தது, இரண்டாம் இடம் வரை ஏறியது. என்ன சொல்கிறார் என்று யாருக்காவது உறைத்ததா? பின்னால் மருத்துவர்கள் ஸ்கிட்ஸோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) என்று கண்டார்கள். போதை அந்த நோயைக் கிளறிவிட்டிருக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்வேன். 'எல்எஸ்டி இல்லையென்றால் அந்த இசை வந்திருக்காது' என்று எழுதியிருந்தவருக்கு: தம்பி, 'சூப்பர்நேச்சுரல்' எந்த வருடம் என்று மேலே போய்ப் பாருங்கள்.

கிளாப்டன் பெரியவரா, கிரீன் பெரியவரா?

அடுத்தது.

கிரீனுடைய லெஸ் பால் கிட்டாரில் கழுத்துப் பக்க பிக்கப்பைத் திருப்பி மாட்டியதால்தானே அந்த மூக்கடைத்த சத்தம்? என் கிட்டாரிலும் செய்யலாமா?

அப்பாடா, என் பேட்டைக்கு வந்தீர்கள். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுகிற கருவி, உள்ளே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் (காயில்) இருக்கும். அவருடைய 1959 கிப்சன் லெஸ் பாலைப் படத்தில் பார்த்தால் கழுத்துப் பக்க பிக்கப்பின் திருகுகள் பிரிட்ஜை (தந்திகளை அடியில் தாங்கும் பகுதி) பார்த்து இருக்கும், வழக்கத்துக்குத் தலைகீழ். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஹம்பக்கரை, அதாவது இரண்டு காயில் வைத்த இந்த வகை பிக்கப்பை, 180 டிகிரி திருப்பினால் ஃபேஸ், அதாவது சிக்னல் ஏறி இறங்கும் திசை, மாறாது. காயில்கள் அதே, காந்தம் அதே, தந்தி அதிர்வதும் அதே திசை. மாற்றத்தைச் செய்வது உள்ளே இருக்கிற காந்தக் கட்டை. அதன் வடக்கு தெற்கு மாறிவிட்டால் அந்த பிக்கப்பின் சிக்னல் தலைகீழாகும். ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அடிச்சத்தம் போய் மெலிந்த குரல் மிஞ்சும். 'நீட் யுவர் லவ் ஸோ பேட்' கேட்டால் புரியும்.

செய்யலாமா என்றால், தயவுசெய்து சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியை விட மெலிசு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் பிக்கப் மூடியை நெம்பப்போய், 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஒரு காயில் காலி. அந்த மாத வருமானம் அதோடு போனது.

நீங்கள் சொல்வது தவறு. நானே திருப்பி மாட்டினேன், சத்தம் மாறியது.

மாறியிருக்கும். திருகுக் காயில் கழுத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி வந்திருக்கும், அதனால் குரலில் துளி வித்தியாசம் வரும். அது ஃபேஸ் இல்லை. நடுநிலையில் வைத்து ஒரு பிக்கப்பின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். நிஜமான எதிர் ஃபேஸ் என்றால் குறைக்கக் குறைக்க அடிச்சத்தம் திரும்பி வந்து சத்தம் தடிக்கும். உங்களுடையதில் அது நடக்காது.

காந்தம் எதற்கு, இரண்டு கம்பிகளையும் மாற்றி ஒட்டினால் அதே பலன்தானே?

நல்ல கேள்வி. கொள்கையளவில் சரி. ஆனால் பழைய கிப்சன் பிக்கப்பில் ஒரே ஒரு உள்கம்பி, சுற்றிலும் பின்னிய உலோக உறை, அந்த உறைதான் எர்த். உலோக மூடியும் அடித்தகடும் அதோடு சேர்ந்தவை. மாற்றி ஒட்டினால் மூடி முழுக்க சிக்னல் ஓடும், கை பட்டால் 'ஙொய்' என்று இரையும். அதனால் காந்தம்தான் சுத்தமான வழி. அதையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

அந்த கிட்டார் இப்போது யாரிடம்?

குழுவை விட்டபின் அப்போது இளைஞராக இருந்த கிட்டார் கலைஞர் கேரி மூரிடம் கொடுத்தார். உன் கிட்டாரை விற்று என்ன வருகிறதோ அதைக் கொடு போதும் என்று பேரம். மூர் 2006-இல் விற்றார். 2014 முதல் மெட்டாலிகா ராக் குழுவின் கிர்க் ஹாமெட்டிடம்.

கிரீன் தன் கணக்காளரைத் துப்பாக்கியால் மிரட்டினாராமே?

1977-இல் கைதானார், மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கியை விட எனக்கு முக்கியமாகப் படுவது, மிரட்டியதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம்: எனக்கு ராயல்டி பணம் அனுப்புவதை நிறுத்து. நடுவில் இடுகாட்டில் குழிவெட்டியிருக்கிறார், மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்திருக்கிறார். மின்னதிர்ச்சி சிகிச்சையும் நடந்தது.

கிளாப்டனோடு ஒப்பிட்டால்...

ஒப்பிட மாட்டேன்.

என் தம்பிக்கு 22 வயது, நன்றாக வாசிப்பான். கஞ்சாப் பழக்கம், இப்போது யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான். இசையிலேயே விட்டால் சரியாகிவிடுமா?

அம்மா, இதற்கு கிட்டார்காரனிடம் பதில் இல்லை. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கஞ்சாவையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிட்டார் வீட்டில்தான் இருக்கும், எங்கும் போய்விடாது.

கிரீன் திரும்பி வந்தாரே, பழைய மாதிரி வாசித்தாரா?

இரண்டு முறை வந்தார். முதலில் 1979-இல் 'இன் தி ஸ்கைஸ்', பிறகு சில ஆல்பங்கள், 80-களின் நடுவில் மறுபடி ஒதுங்கினார். நகங்களை நீளமாக வளர்த்துவிட்டிருந்தார், அந்த விரல்களால் தந்தியை எப்படி அழுத்துவது? 90-களில் நண்பர் நைஜல் வாட்சன் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி வாசிக்க வைத்தார், ஸ்பிளின்டர் குரூப் என்ற குழு பிறந்தது. 1998-இல் பழைய ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் பாடல்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் வந்தது.

பழைய மாதிரியா என்றால், இல்லை. விரல் தயங்கும், குரல் கரகரக்கும். மருந்து ஆளை மந்தமாக்குகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். நிறையப் பேர் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு 'பாவம்' என்று மூடிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஒரு காலத்தில் ப்ளூஸ் மேதை பி.பி. கிங்குக்கே குளிர்வியர்வை வரவைத்த அந்தத் தொனியைத் தேடிப் போனால் கிடைக்காது. ஒரு வரியைப் பாடிவிட்டு அடுத்த வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளியைக் கவனியுங்கள், அது அதே ஆள். அதே 1998-இல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஃப்ளீட்வுட் மேக்கைச் சேர்த்தார்கள். அன்றைக்குத் தன் 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டை சந்தானாவோடு சேர்ந்து வாசித்தார்.

2020 பிப்ரவரியில் மிக் ஃப்ளீட்வுட் லண்டனில் அவருக்காகப் பெரிய கச்சேரி நடத்தினார், கிர்க் ஹாமெட் அந்த கிட்டாரோடு வந்தார். கிரீன் வரவில்லை. ஜூலை 25-இல் தூக்கத்திலேயே போய்விட்டார், வயது 73.

சார், பொறுக்க முடியாமல் பிக்கப்பைத் திருப்பி மாட்டிவிட்டேன். ஃபேஸ் மாறவே இல்லை.

மாறாது. அப்படியே விடுங்கள், படத்தில் பார்க்க நன்றாக இருக்கும்.