குரங்கணி மலையில் ட்ரெயில் ரன்னிங் (காட்டு, மலைப் பாதை ஓட்டம்) ஓட எந்தப் பாதை நல்லது?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். ரோட்டில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறீர்கள். குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கிற டாப் ஸ்டேஷன் 12 கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாமா, இறங்குவது சுலபம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன்.

என் சொந்த ஊர் தேனி மாவட்டத்துப் போடி, குரங்கணிக்குப் பக்கத்து ஊர். அம்மா இன்னமும் அங்கேதான் இருக்கிறார். பிழைப்பு எனக்குச் சென்னையில். ஊர்க்காரன் என்பதால் காடெல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. மலையில் கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-லேயே ஒரு வாய்ப்பாடு சொல்லிவிட்டுப் போனார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். டாப் ஸ்டேஷன் பாதையில் ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். கூட்டிப் பாருங்கள், நாலு மணி நேரம் வரும். அது நடக்கிறவர் கணக்குதான், ஓடினால் குறையும். ஆனால் ஒன்றரைக்கு வராது. வரும் என்பவர்கள் பின்னூட்டத்தில் திட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதை ஓடுவதற்காகப் போட்டதும் இல்லை. மூணாறு தேயிலையை 1908 முதல் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கி, மாட்டுவண்டியில் போடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர்கள் மட்டும் மிச்சம். ஸ்டேஷன் என்றதும் தண்டவாளத்தைத் தேடிக்கொண்டு போன என் சென்னை நண்பர் ஒருவர் உண்டு. மலை ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாதைதான் காபி, மிளகு, எலுமிச்சை மூட்டை இறங்குகிற வழி.

இப்போது என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் லீவு. அனுமதி வாங்கினாயா என்று கேட்க ஒருவர் கட்டாயம் வருவார். வாங்கினேன், பணம் கட்டினேன், ரசீது இருக்கிறது, கூடவே உள்ளூர்த் தம்பி ஒருவர் வழிகாட்டியாக வந்தார். காலில் ரப்பர் செருப்பு. என் காலில் ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "மழையில ஒழுகுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

முதுவாக்குடி என்ற மலைக்கிராமத்தைத் தாண்டி சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக ஏறினோம். ஏற்றத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குக் காரணம் எங்கள் அடுக்ககம். 14 மாடி, தரையிலிருந்து மொட்டைமாடி வரை 42 மீட்டர். 24 தடவை ஏறினால் ஆயிரம் மீட்டர். ஆறு மாதம், வாரம் இரண்டு நாள் ஏறினேன். ஒவ்வொரு தடவையும் இறங்கியது லிஃப்டில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த லிஃப்ட் விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. "ஒரு குறிப்பிட்ட குடியிருப்பாளர் சொந்தப் பயிற்சிக்கு லிஃப்டைப் பயன்படுத்துவதால் மின்செலவு கூடுகிறது" என்று எங்கள் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பராமரிப்புப் பணத்தை மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டுகிறவன் நான். மூணு மாசம் பாக்கி வைத்திருப்பவர் வீட்டு நாய் தினமும் நாலு தடவை அதே லிஃப்டில் போய் வருகிறது. நாய்க்கு நோட்டீஸ் இல்லை. சரி, விடுங்கள்.

மேலே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். "தம்பி, நான் கொஞ்சம் முன்னாடி ஓடறேன், நீங்க மெதுவா வாங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "காட்டுக்குள்ள நாங்க ஓடுனா ரெண்டுக்குத்தான்ணே. காட்டுமாடு வெரட்டணும், இல்ல ஊர்ல சாவு விழுந்திருக்கணும்." சிரித்துவிட்டு ஓடினேன்.

முதல் இருபது நிமிஷம் சொர்க்கம். பிறகு தொடை நடுங்க ஆரம்பித்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். பழகாத தசையில் நுண்ணிய கிழிசல் விழும், வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். அதைப் பழக்க வேண்டிய இடத்தில்தான் நான் லிஃப்டில் நின்று கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திருப்பத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. அகலமாக இருந்ததில் இறங்கினேன். அது குதிரை போகிற தடம், காபித் தோட்டத்துக்குள் போகிறது. தரை முழுக்கச் சருகு, சருகுக்கு அடியில் கம்பு தானியம் கொட்டினாற்போலப் பொடிக்கல். வலது கால் சருகை மிதித்தது, சருகு மட்டும் என்னோடு வந்தது. கணுக்காலில் 'டொக்' என்று ஒரு சத்தம், என் காதிலேயே கேட்டது. கையில் இருந்த கடிகாரம், "நின்றுவிட்டீர்கள், ஓட்டத்தை முடிக்கலாமா?" என்று கேட்டது.

கத்திப் பார்த்தேன். போனில் சிக்னல் இல்லை. கால்மணி நேரம் கழித்து, தலையில் மூட்டையோடு ஒரு அம்மா வந்தார். அறுபது வயசிருக்கும். மூட்டையை இறக்காமலே என்னைப் பார்த்தார். "எங்க உளுந்த?" என்றார். பிறகு மூட்டையை வரப்புக் கல்லில் சாய்த்துவிட்டு, தன் தலைச்சும்மாட்டுத் துண்டை உதறி, கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வலியில் நான் போட்ட சத்தத்தை அவர் சட்டை செய்யவே இல்லை. "எறக்கத்துல காலு நம்ம பேச்சக் கேக்காதுப்பா. நாமதான் அது பேச்சக் கேக்கணும்." அதற்குள் தம்பி வந்து சேர்ந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தார். மூன்றரை மணி நேரம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். துண்டை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டதற்கு அந்த அம்மா பதிலே சொல்லவில்லை, மூட்டையோடு எங்களை முந்திப் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிதென்றால் முந்தல் என்ற ஊரில் பிரிந்து குரங்கணி போகிற தார்ரோட்டில் விடிந்த பிறகு ஓடுங்கள். மாந்தோப்பு, இலவமரம், பக்கத்தில் ஆறு. ஏற்றம் மெல்லத்தான் வரும். அதில் இறங்கிப் பழகுங்கள்: எட்டு வைப்பது சின்னதாக, அடிகள் அடுத்தடுத்து, பார்வை மூணு நாலு மீட்டர் முன்னால், உடம்பு பின்னால் சாயாமல். ஷூவில் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். எனக்கு இரண்டு விழுந்தது.

காட்டுக்குள் போக அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதியலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. அது நடப்பதற்கான அனுமதி, கூட வழிகாட்டி வருவார், அவரை விட்டு ஓடாதீர்கள். டாப் ஸ்டேஷன் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கலாமா என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆளுயரப் புல், செங்குத்து, தீ கீழிருந்து மேலே ஏறினால் யாராலும் முந்த முடியாது. இதை வைத்துப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் வனப்பாதைகளை மூடுவதும் இதனால்தான். அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மார்ச் மாதம் மலையில் புகை தெரிந்தால் அம்மா வாசலிலேயே நின்றுவிடுவார்.

மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிய்த்து எடுக்காதீர்கள், கொஞ்சம் உப்பைத் தடவினால் விழுந்துவிடும். பாதையில் மூட்டையோடு குதிரை எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து நீங்கள்தான் கீழே போவீர்கள்.