சான்றிதழ் வந்துவிட்டால் லார்ட் ஆகிவிடலாமா?

கேள்வி: என் அறுபதாவது பிறந்தநாளுக்கு, லண்டனில் இருக்கும் மகள் ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கி, 'லார்ட்' என்ற சான்றிதழோடு அனுப்பியிருக்கிறாள். விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா? நிலமாவது என் பெயரில் பதிவாகுமா?

பதில்: பதிவாகாது. இப்படி ஞாபகார்த்தமாக விற்கும் துண்டு மனைகளை ஸ்காட்லாந்து நிலப் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள். பட்டமும் இல்லை. அங்கே பெரிய நிலக்காரர்களை 'லேர்ட்' என்பார்கள், நம்மூர்ப் பண்ணையார் மாதிரி. விற்பவர்கள் அதைத்தான் லார்ட் ஆக்கிவிடுகிறார்கள்.

பழைய காலத்தில் நிலத்துக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இருந்தது உண்மைதான். இங்கிலாந்தை அன்று ஆண்ட நார்மன் வம்ச மன்னர்களிடம் நேரடியாக நிலம் பெற்று, பதிலுக்குப் படைவீரர்களை அனுப்பியவர்கள்தான் பாரன்கள். பிற்பாடு நிலம் ஒதுங்கிக்கொண்டது. அரச முத்திரையிட்ட பட்டயம் இருந்தால்தான் பிரபு என்றாயிற்று.

அந்தப் பிரபுக்களில் ஐந்து படிகள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். டியூக்கைத் தவிர மற்ற நால்வரையும் பேச்சில் 'லார்ட்' என்றே சொல்வார்கள். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டனைப் பாருங்கள். 1910-இல் பாரன், 1924-இல் வைகவுண்ட், 1931-இல் ஏர்ல், 1936-இல் மார்க்விஸ். நாலு படியும் ஏறினார்; ஊர் வாயில் கடைசிவரை லார்ட் வில்லிங்டன்தான்.

காசுக்குப் பட்டம் விற்றதே இல்லையா என்றால், தாராளமாக விற்றிருக்கிறார்கள். 1611-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரே 'பாரனெட்' பட்டத்துக்கு 1,095 பவுண்டு விலை வைத்தார். முப்பது வீரர்களுக்கு மூன்று வருடச் சம்பளம் அது! ஆனால் பாரனெட் பிரபு அல்ல, வெறும் 'சர்'. பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஆட்சியில் பட்ட வியாபாரம் நாறிப்போய், 1925-இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டார்கள்.

சரி, உங்கள் விஷயம். சான்றிதழை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். விசிட்டிங் கார்டு, வங்கிப் படிவம், அரசு விண்ணப்பம் எதிலும் வேண்டாம். பிரிட்டிஷ் அரசே நிஜப் பட்டம் கொடுத்தாலும், இந்தியக் குடிமகன் அதை ஏற்கக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு.

அடுத்த பிறந்தநாளுக்கு மகள் 'லார்ட் ஆஃப் தி மேனர்' வாங்கப் போவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். அது இங்கிலாந்தின் பழைய பண்ணைகளோடு வந்த, சட்டப்படி விற்கக்கூடிய ஒரு சொத்துரிமைதான். ஆனால் ஆயிரக்கணக்கான பவுண்டு போகும், உங்கள் பெயருக்கு முன்னால் 'லார்ட்' வராது.