வேலூரில் வளரும் மென்பொருள் குழு: பிஎச்பியிலேயே இருப்பதா, ஜாவாவுக்குப் போவதா?

பிஎச்பியில் எழுதிய லாராவெல் என்ற கட்டமைப்பில் பில்லிங் மென்பொருள் செய்யும் உங்கள் ஆறு பேர் குழு இருபது பேராகப் போகிறது, பிஎச்பியிலேயே இருப்பதா, ஜாவா, டாட்நெட், பைத்தான், நோட் (Node.js) என்று எதற்காவது மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இங்கே சத்துவாச்சாரியில் இதே தொழிலில் இருப்பவன். ஓடிக்கொண்டிருப்பதை ஓடவிடுங்கள். புதிதாகத் தொடங்கும் பகுதியை ஜாவாவில் எழுதுங்கள்.

வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகள் போடும் பில்லுக்கு எந்த மொழியும் திணறாது. பார்க்க வேண்டியது ஆட்களை. நம்மிடம் வருகிறவர்கள் ஊரிஸ், முத்துரங்கம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் மாதிரி கல்லூரிகளில் படித்தவர்கள். வேலை பிடிபட்டதும் காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறிவிடுவார்கள். சம்பளத்தில் அந்த ஊரோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. ஆக, போனவர் எழுதிய நிரலை, அவருக்குப் போன் போடாமலே புதிதாக வந்தவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஜாவா தெரிந்தால் பெங்களூரில் வேலை கிடைக்கும் என்பதற்காகவே நம்மிடம் சேருகிறவர்களும் உண்டு. சேரட்டுமே, என்ன இப்போது?

ஆறு பேர் இருக்கும்போது ஒரு ஃபீல்டின் (தரவு வைக்கும் புலத்தின்) பெயரை மாற்றினால் நாற்காலியைத் திருப்பிச் சொன்னால் போதும். இருபது பேரில் யாராவது ஒருவருக்குச் சேதி போகாது. லாராவெலில் டேட்டாபேஸோடு பேசும் பகுதியான எலோக்வென்டில் இல்லாத ஃபீல்டைக் கேட்டால், வழக்கமான அமைப்பில் சத்தமே இல்லாமல் ‘நல்’ (null, வெற்று மதிப்பு) என்று வரும். பில்லில் சதுர அடி இருக்க வேண்டிய இடம் காலியாக அச்சாகிப் போகும். ஜாவாவில் கிளாஸில் பெயர் மாறினால் அதைப் பயன்படுத்தும் இடமெல்லாம் கம்பைலாகாது (நிரல் ஓடும் நிலைக்கே வராது), வீட்டுக்குள்ளேயே பிடித்துவிடலாம். அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 2015-இல் வந்த பிஎச்பி 7-லேயே ஃபங்ஷனுக்கு எண், எழுத்து என்று டைப் (தரவு வகை) போடும் வசதி வந்துவிட்டது. டைப் போட்டு, நிரலை ஓட்டாமலே தப்பைக் காட்டும் லாராஸ்டானை ஓட்டிப் பாருங்கள். பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது பைசா. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. கால் அடி, அரை அடி எல்லாம் வரும். பிஎச்பியில் 0.1-ஐயும் 0.7-ஐயும் கூட்டி, பத்தால் பெருக்கி, ஃப்ளோர் போட்டால் (கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால்) 8 வராது, 7 வரும். நோட்டிலும் அதே கதைதான். கணக்குப் பிள்ளை போன் பண்ணி "சார், ஒரு பைசா இடிக்குது" என்பார். முன்பு பேனாவால் திருத்திவிடுவார்கள். 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினாலே ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளம் தரும் பதிவு எண்ணான ஐஆர்என் வந்த பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்துதான் செய்யலாம், அதற்கப்புறம் கிரெடிட் நோட்டு. ஜாவாவில் தசம எண்ணைப் பிசகாமல் கணக்கிட பிக்டெசிமல் இருக்கிறது. எழுதக் கொஞ்சம் தொண தொண என்றிருக்கும். 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத் தராமல் எண்ணாகத் தந்தால் பழைய தப்பு அதற்குள்ளும் புகுந்துவிடும். இரண்டை ஒப்பிட ஈக்வல்ஸ் போட்டால் 2.0-வும் 2.00-வும் வேறு வேறு என்று சொல்லும், கம்பேர்டூ பயன்படுத்துங்கள். டாட்நெட்டின் சி ஷார்ப்பில் டெசிமல் மொழியோடு சேர்ந்தே வருகிறது, அந்த விஷயத்தில் டாட்நெட்தான் சுகம். உங்கள் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு அது கைவந்திருந்தால் டாட்நெட்டுக்கே போங்கள், நான் மறுக்கமாட்டேன்.

பைத்தான் நல்ல மொழி. ரிப்போர்ட், தரவு அலசல் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பேக்கேஜ்கள் (பிறர் எழுதிவைத்த நிரல் பகுதிகள்) ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குவது எனக்குப் பிடிக்காது. 2016-இல் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை எழுதியவர் எடுத்துவிட, உலகம் முழுக்கப் பலருடைய பில்டு (மென்பொருளைத் தயாரிக்கும் வேலை) நின்றது.

ஜாவா என்றால் ஆரக்கிள் தரும் பதிப்பு வேண்டாம், அதன் உரிம விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்ஜேடிகேவில் நீண்டகால ஆதரவுள்ள 17 அல்லது 21-ஐ எடுங்கள். முதல் வேலையாக இ-இன்வாய்ஸ் பகுதியை மட்டும் ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் தனியாகப் பிரித்து எழுதுங்கள், லாராவெல் அதை ஏபிஐ (இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாகக் கூப்பிடட்டும். டேட்டாபேஸை மட்டும் இப்போது தொடாதீர்கள். மைஎஸ்கியூஎல் இருபது பேர் குழுவுக்கும் தாங்கும்.