பியானோ மேடைக்கு அவசரமே வேண்டாம்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. கீபோர்டு கற்றுக்கொள்கிறாள், லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் மூன்றாம் கிரேடு முடித்துவிட்டாள். வெளிநாட்டு மேடைகளில் பியானோ வாசிக்கப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அவளை ஒரு நிஜப் பியானோ முன்னால் உட்கார வையுங்கள். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய சுத்தி எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது, விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அந்த அளவுக்குத்தான் சத்தம். 61 கட்டை கீபோர்டில் பழகிய விரலுக்கு இந்தக் கனம் புதிது. பியானோ வாங்க முடியாவிட்டால், கட்டைகளுக்குக் கனம் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவாவது வேண்டும்.

வாழ்க்கை எப்படி என்றால், ரொம்ப நீளம். ஜெர்மானியப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் 1819-இல் லைப்சிக்கில் பிறந்து ஒன்பது வயதில் மேடை ஏறியவர், எட்டுப் பிள்ளைகள் பெற்றவர், கணவரான இசையமைப்பாளர் ராபர்ட் நோயில் விழுந்து 1856-இல் இறந்தபின் ஊர் ஊராக வாசித்துத்தான் குடும்பத்தை நடத்தினார். 1878 முதல் பிராங்பர்ட்டில் ஆசிரியை வேலையும் பார்த்துக்கொண்டு 1891 வரை மேடையில் இருந்தார். இத்தனைக்கும் அவருடைய அப்பா, சின்ன வயதில் அவரை நாள் முழுக்கப் பியானோ முன்னால் கட்டிப்போடவில்லை, தினமும் நடக்க அனுப்பினார். நீங்களும் சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் கடற்கரைச் சாலையில் மகளை நடக்க விடுங்கள், பயிற்சிக்கு அதுவும் சேர்த்திதான்.

இன்னொரு பக்கம் சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாட்டோஸ்லாவ் ரிக்டர். ஒடெஸா ஓபராவில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், பெரும்பாலும் தானாகவே கற்றவர், மாஸ்கோவில் பேராசிரியர் நியூஹாஸிடம் முறையாகப் படிக்கப் போனபோது அவருக்கு 22 வயது. அதனால் பத்து வயதில் கடைசிப் படியான எட்டாம் கிரேடு முடிக்கவில்லையே என்று தயவுசெய்து யாரும் பதற வேண்டாம்.

அப்புறம் ஒன்று, நம் நாகஸ்வரக்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டு போகிறார், பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெரிய கச்சேரிப் பியானோ கிட்டத்தட்ட 480 கிலோ. ஒவ்வொரு ஊரிலும் அந்த அரங்கில் எது இருக்கிறதோ அதுதான், ஒன்றில் கட்டை இறுக்கமாக இருக்கும், இன்னொன்றில் மேல் ஸ்தாயி கூச்சலிடும், ஒத்திகை நேரத்துக்குள் அதைப் புரிந்துகொண்டு ராத்திரி ஆயிரம் பேர் முன்னால் வாசிக்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய மரியாதை வரும் இடம் இதுதான்.

கேள்வி: நோட்ஸ் பார்க்காமல் அரைமணி, முக்கால்மணி எப்படி வாசிக்கிறார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: விரல், காது, கண், இசையின் கட்டமைப்பு, நான்கிலும் பாட்டு பதிந்திருக்கும், ஒன்று கைவிட்டால் மற்றது பிடித்துக்கொள்ளும். போர்ச்சுகல் கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஸுக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்ததைக் கேளுங்கள். பார்வையாளர்களும் வந்து உட்கார்ந்த மதியக் கச்சேரியில், ஆர்கெஸ்ட்ரா நடத்திய ரிக்கார்டோ ஷாயி கையசைத்து வாசிப்பு தொடங்கியதும் பிரெஸின் முகம் வெளுத்துவிட்டது, அவர் தயார் செய்து வந்தது வேறு மொஸார்ட் கன்செர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு பியானோ சேர்ந்து வாசிக்கும் படைப்பு! அங்கே ஓடுவதோ டி மைனர் சுருதியில் அமைந்த இன்னொன்று. நல்லவேளை, அதில் பியானோ நுழைவதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாசிக்கும். அந்த நேரத்துக்குள் மனசைத் திரட்டி, முன்பு வாசித்த ஞாபகத்திலிருந்தே முழுவதையும் வாசித்து முடித்தார். அதே சமயம் ரிக்டர் கடைசிக் காலத்தில் சின்ன விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு நோட்ஸ் பார்த்துத்தான் வாசித்தார். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: பியானோ பரீட்சை நெருங்குகிறது, மகனுக்கு வலது கை வலிக்கிறது. கொஞ்சம் பொறுத்து வாசிக்கச் சொல்லலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூடவே கூடாது. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் உட்காரும் உயரத்தையும் மணிக்கட்டையும் ஆசிரியர் கவனிக்கட்டும். எல்லா வலியும் பெரிய நோயாகிவிடாது, ஆனால் கை எவ்வளவு அருமையானது என்பதற்கு லியோன் பிளைஷரைச் சொல்வேன். அமெரிக்காவின் முன்னணிப் பியானோ கலைஞர், 1964 வாக்கில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தானாக மடங்க ஆரம்பித்து, முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதிய இசையையே வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். 90-களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உதவியோடுதான் இரண்டு கையும் திரும்பக் கிடைத்தது. பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் அம்மா.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. பழைய பியானோ வாங்கலாமா?
– வாசகர், குருசுக்குப்பம்

பதில்: வாங்கலாம், ஆனால் கம்பியில் துரு இருக்கிறதா என்று, சுருதி சேர்க்கும் டியூனரைக் கூட்டிப் போய்ப் பார்த்த பிறகு. ஈரக்காற்றில் மரம் உப்பி சுருதி ஏறும், வெயிலில் இறங்கும். கடல் பார்த்த ஜன்னலை விட்டு உள்சுவர் ஓரமாகப் போட்டு, வருடத்துக்கு இரண்டு தடவை சுருதி சேர்த்துவிடுங்கள், அதில் ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு இருக்கட்டும்.