பேர்சிவல் பாதிரியாரின் பிற்காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீற்றர் பேர்சிவல் பாதிரியார் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவனாகிய எனக்கு அவர், ஆறுமுக நாவலரை வேலைக்கு வைத்திருந்த துரை, அவ்வளவுதான். 1848இல் நாவலர் விலகியதோடு அவர் கதையும் முடிந்துவிடுகிறது. மதம் பரப்ப வந்த ஒருவருடைய முதுமைக் காலத்தைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுத வேண்டுமா? பழைய மாணவர் கூட்டமொன்றில் அவரைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள ஐயா,

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதில் ஐயமில்லை. அதை மறைத்துக்கொண்டு அவரை நினைவுகூர்வது அவருக்கும் நாவலருக்கும் செய்யும் அநியாயம். வெஸ்லியன் மிஷனரியாக 1826இல் இலங்கைக்கு வந்த அவர், 1816இல் தொடங்கப்பட்டிருந்த மிஷன் பள்ளியை 1834இல் மத்திய பாடசாலையாகச் சீரமைத்தார். திருநீறும் சைவ ஆசாரமும் விடாத ஓர் இளைஞரைத் தம் பள்ளியில் ஆசிரியராகவும், வேதாகம மொழிபெயர்ப்பில் தமக்குத் துணையாகவும் அமர்த்திக்கொண்டார். அந்த இளைஞரே பின்னர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி மிஷனுக்கு எதிர்நின்றார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவைதாம்.

நாம் சொல்லாமல் விடுவது அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுகளை. இருவரும் உழைத்த அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தும் திருச்சபைகளில் நிலைபெறவில்லை. 1871இல் வந்த ஹென்றி பவர் (Bower) பாதிரியாரின் திருத்த மொழிபெயர்ப்பே அந்த இடத்தைப் பிடித்தது. வாழ்வின் பெரும்பணி இப்படிக் கைநழுவிய பிறகும் பேர்சிவல் தமிழைக் கைவிடவில்லை. வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தவர், சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் பல்கலைக்கழகப் பதிவாளராகவும் பணியாற்றினார். ‘தினவர்த்தமானி’ என்னும் இதழையும் நடத்தினார். பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, அந்த இதழின் ஆசிரியப் பொறுப்பில்தான் சென்னை வாழ்வைத் தொடங்கினார். பேர்சிவல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனாரே தவிர, யாழ்ப்பாணத்தவரை விடவில்லை என்று நான் எழுதியது இதனால்தான்.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது அவருடைய பழமொழித் தொகுப்பில். 1843இல் யாழ்ப்பாணத்தில் இரண்டாயிரத்துக்கும் குறைவான பழமொழிகளோடு வந்த நூல், 1874இல் சென்னையில் அச்சான மூன்றாம் பதிப்பில் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அகர வரிசையில் தமிழ்ப் பழமொழியும் அதன் கீழே ஆங்கிலப் பொருளுமாகப் பக்கம் பக்கமாக நீளும் அந்நூலில், புலவர் வாக்குக்கு இருக்கும் அதே இடம் அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் பேசப்பட்ட சொல்லுக்கும் இருக்கிறது. மாமியார், மருமகள், கடன்காரன், குயவன், வண்ணான் எல்லோரும் அங்கே பேசுகிறார்கள். இது பிரசங்கத்துக்குத் துணையாகத் தொடங்கிய வேலையாகவும் இருக்கலாம். ஆனால் பிரசங்கத்துக்கு ஆறாயிரம் தேவையில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் சனங்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இப்படியொரு தொகுப்புச் சேரும், அந்தப் பொறுமையை நான் மனமார மதிக்கிறேன்.

1879இல் நாவலர் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, எண்பதை நெருங்கிய வயதில், ஏற்காட்டில் பேர்சிவல் காலமானார்.

கூட்டத்தில் எதைப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நாவலர் விலகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பழமொழிகளுக்குப் போய்விடுங்கள். மூன்றாம் பதிப்பு இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே வாசித்து, இவற்றுள் எவை இன்றும் நம் வீடுகளில் புழங்குகின்றன என்று வந்திருப்பவர்களிடம் கேளுங்கள். மூத்தவர்கள் நூலில் இல்லாத சிலவற்றையும் சொல்லக்கூடும். யாராவது ஒருவர் அவற்றைக் குறித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்